சின்னப் பிள்ளைகளைச் சொந்தமாக எழுத வைப்பது எப்படி? கிறிஸ்தவப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நல்ல சமாரியன் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "இதை உங்க சொந்த நடையில எழுதுங்க" என்று ஒருமுறை நான்காம் வகுப்பில் சொன்னேன். சாயங்காலம் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால், ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே கதை. கடைசி வரி எழுத்துக்கு எழுத்து ஒன்று: "ஆகவே நாமும் பிறருக்கு உதவி செய்து வாழ வேண்டும்." அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தது நான்தான். பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. டீச்சருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்து அதைக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு நோட்டில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. "அடிபட்டவனை ஏற்றிவிட்டதால் சமாரியன் நடந்து போனான். அவனுக்குக் கால் வலித்திருக்கும்." காயம்பட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான் என்றுதான் லூக்கா எழுதுகிறார். அப்படியானால் அவன் நடந்திருக்க வேண்டும் என்பதை, எத்தனையோ தடவை அந்தக் கதையைச் சொல்லியும் நான் யோசித்ததில்லை. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை யோசித்திருந்தது. உதவி செய்வது என்றால் என்ன என்று என் கடைசி வரியை விட அந்தக் கால்வலி நன்றாகவே சொன்னது.

அன்றிலிருந்து எழுத்து வகுப்பில் நான் கதைநீதி சொல்வதில்லை. கீழே வரும் எல்லாப் பயிற்சிக்கும் அடிப்படை அதுதான். வேதக் கதையைப் பிள்ளை உள்ளே போய்ப் பார்க்கட்டும், பார்த்ததை எழுதட்டும். போதனை செய்ய வேதபாட வகுப்பு இருக்கிறது, அசெம்பிளி இருக்கிறது, ஓய்வுநாள் பள்ளி இருக்கிறது.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

வாரத்துக்கு 40 நிமிடப் பீரியடு ஒன்று போதும். நம் பள்ளிகள் பலவற்றில் கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்கும் மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்து போவார்கள். எழுத்து வகுப்பை அந்த நேரத்தில் வைக்காதீர்கள். எல்லாரும் ஒன்றாக இருக்கிற பீரியடில் வையுங்கள். இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருந்து எழுதும்போதுதான் ஒரு கதைக்குப் பல வாசல்கள் திறக்கின்றன. மீனின் வயிற்றுக்குள் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டியதில்லை.

ஆளுக்கொரு நோட்டு வேண்டும், கோடு போடாததாக இருந்தால் நல்லது. அட்டையில் "கதை நோட்டு" என்று எழுதிப் பிள்ளையே படம் வரையட்டும். இந்த நோட்டில் சிவப்பு மை படக் கூடாது. எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாமா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். திருத்தலாம், பாட நோட்டில் திருத்தலாம். கதை நோட்டில் ஒவ்வொரு கதைக்கும் கீழே பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் எழுதுங்கள். "உள்ளே இருட்டாக இருந்ததா?" "அந்த ஆடு அப்புறம் எங்கே போயிற்று?" என்பது போல. மறுவாரம் பிள்ளை அதற்குப் பதில் எழுதி வரும், கதை தானாக நீளும். "வெரி குட்" என்று எழுதினால் கதை அங்கேயே நின்றுவிடும். இதை நான் பல வருடம் பார்த்திருக்கிறேன்.

வேதக் கதைகளை வைத்துக் கற்பனை செய்யலாமா என்ற தயக்கம் சில பெற்றோருக்கு வரும், சபை ஐயருக்கும் (போதகருக்கும்) வரலாம். அது நியாயமான தயக்கம்தான். நான் வைத்திருக்கும் எல்லைக்கோடு எளிது. கதையில் வருகிற மனிதர்கள், மிருகங்கள், மரஞ்செடிகள் எல்லாம் பேசலாம். இயேசு சொன்னதாக வேதத்தில் இருப்பதை அப்படியே விட்டுவிடுவோம், அவர் வாயில் புது வார்த்தை எதையும் வைப்பதில்லை. அதோடு, எழுதுவதற்கு முன் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் "வேதத்தில் இருப்பது", மறுபக்கம் "நாம் நினைத்துப் பார்ப்பது" என்று எழுதுவேன். கிறிஸ்து பிறப்புக் கதையில் இதைச் செய்துபாருங்கள். சத்திரத்தில் இடமில்லை என்று மட்டும்தான் லூக்கா சொல்கிறார். நம் கிறிஸ்துமஸ் நாடகங்களில் கதவைச் சாத்துகிற சத்திரக்காரர் அங்கே கிடையாது. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்றும் மத்தேயு சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் நாம் மூன்று பேராக்கிவிட்டோம். பிள்ளைகள் இதைக் கேட்டதும் வேதத்தைத் திறந்து சரிபார்ப்பார்கள். வேதபாட வகுப்பில் அவ்வளவு ஆவலாக நான் பார்த்ததில்லை.

ஒன்று, இரண்டாம் வகுப்பு: மணல், படம், பேச்சு

இந்த வயதில் கைக்கு முன்னால் வாய் ஓடும். சொல்லத் தெரிந்த கதையில் கால்வாசிகூட எழுத வராது. அதனால் முதலில் மணல்.

மணலில் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிகளின் பழக்கம். 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த அனாதைச் சிறுவர் இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற குருவானவர், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளிக்கும் அதைக் கொண்டுவந்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து அவர் எழுதிய அறிக்கை 1797-இல் லண்டனில் அச்சாயிற்று. 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. நம் மண்ணிலிருந்து போன முறையை நாமே மறந்துவிட்டோம்.

ஒரு எவர்சில்வர் தட்டில் ஒரு விரற்கடை ஆழத்துக்குச் சலித்த மணல் போதும். பிள்ளை ஒரு சொல் எழுதும், தட்டை ஆட்டும், சொல் போய்விடும். தப்பாக எழுதினாலும் அப்படியே. அழித்த தடம், கிழிந்த காகிதம், அடித்த கோடு எதுவும் மிஞ்சாது. எழுதப் பயப்படுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. இயேசு குனிந்து விரலால் தரையில் எழுதினார் என்று யோவான் 8-ஆம் அதிகாரத்தில் வருகிறது. என்ன எழுதினார் என்று அதில் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத் தட்டைக் கொடுத்தால் வகுப்பு அப்படியே அமைதியாகும்.

அடுத்தது பெயர் வைக்கும் பயிற்சி. ஆதியாகமம் 2-இல் ஆதாம் மிருகங்களுக்குப் பெயரிடுகிறான். பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றிய புது மிருகம் ஒன்றை வரையட்டும், அதற்குப் பெயர் வைக்கட்டும், ஏன் அந்தப் பெயர் என்று சொல்லட்டும். சொல்வதை நீங்கள் படத்துக்குக் கீழே அப்படியே எழுதிக்கொடுங்கள். "அப்படியே" என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை "தும்பிக்கைப்பூனை, ஏன்னா அது மூக்கால பால் குடிக்கும்" என்று சொன்னால், "ஏனென்றால்" என்று மாற்றாதீர்கள். தன் வாயில் இருந்து வந்தது காகிதத்தில் நிற்கிறது என்று பிள்ளை முதன்முதலாகக் காண்கிற நேரம் அது.

மூன்றாம் வகுப்பு: சங்கீதம் காட்டும் வழி

நான்கைந்து வாக்கியம் தானாக எழுத வருகிற வயது. இப்போது ஒரு சட்டகம் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு வெளியே தேடிப் போக வேண்டாம். வேதாகமத்தின் பாட்டுத் தொகுப்பான சங்கீதப் புத்தகம் முழுக்கச் சட்டகங்கள்தான்.

136-ஆம் சங்கீதத்தில் 26 வசனம், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகிறது. கோயிலில் ஒருவர் முதல் பாதியை வாசிக்க, சபையார் மறுபாதியைச் சொல்வதைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அதே மாதிரி வகுப்புக்கு ஒரு பல்லவி தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பு ஒருமுறை "அதுக்கு நன்றி" என்று தேர்ந்தெடுத்தது. ஆளுக்கொரு வரி எழுதி வாசிக்க, மற்றவர்கள் பல்லவி சொன்னார்கள். "மழை வந்து லீவு விட்டாங்க, அதுக்கு நன்றி." "அம்மாச்சி வந்து பனங்கிழங்கு அவிச்சாங்க, அதுக்கு நன்றி." "தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டுட்டு, அதுக்கு நன்றி." எல்லா மதத்துப் பிள்ளையும் தயக்கமில்லாமல் சேர்ந்துகொள்கிற பயிற்சி இது.

119-ஆம் சங்கீதம் எபிரெயத்தின் 22 எழுத்துக்கும் முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிந்து 176 வசனமாக ஓடுகிறது. அகரவரிசையில் பாடுவது நமக்கொன்றும் புதிதில்லை, ஆத்திசூடி படித்த பிள்ளைகள்தானே. அ முதல் ஔ வரை 12 உயிரெழுத்துக்கும் தனக்குப் பிடித்த ஒன்றை எழுதட்டும். அம்மாச்சி, ஆட்டுக்குட்டி, இட்லி, ஈரமண், உப்பளம், ஊஞ்சல் என்று போகும். ஐ-க்கு எல்லாரும் ஐஸ் என்பார்கள், விட்டுவிடுங்கள். சொல்லோடு நிறுத்தாமல் ஒரு விவரமும் கேளுங்கள். எந்த ஆட்டுக்குட்டி? "ஒத்தக் கொம்பு ஆட்டுக்குட்டி" என்று வந்தால் அதுதான் எழுத்து.

148-ஆம் சங்கீதம் சூரியன், சந்திரன், கல்மழை, கேதுரு, பறவை என்று எல்லாவற்றையும் துதிக்கக் கூப்பிடுகிறது. நம் பிள்ளை கேதுருவைக் கண்டதில்லை. பனையைக் கண்டிருக்கிறது. "பனைமரமே, நீ எப்படித் துதிப்பாய்?" என்று கேட்டு, காற்றில் காய்ந்த ஓலை உரசும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் வெளியே நின்று கேட்க வையுங்கள். அப்புறம் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் விடாதீர்கள். நாம் துதிச் சங்கீதங்களை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் புலம்புகிறது. தாவீது கேட்ட கேள்வியைப் பிள்ளையும் கேட்கலாம். "இன்னும் எவ்வளவு நாள்?" என்று தொடங்கி நாலு வரி எழுதச் சொன்னேன். "இன்னும் எவ்வளவு நாள் அண்ணன் பழைய சட்டையை நான் போடணும்?" என்று ஒரு பிள்ளை. "இன்னும் எவ்வளவு நாள் அப்பா துபாயில் இருப்பார்?" என்று இன்னொரு பிள்ளை. அந்தச் சங்கீதம் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்புகிறது என்பதற்காகப் பிள்ளையையும் அவசரமாக அங்கே இழுக்காதீர்கள். புலம்பி முடிக்கட்டும்.

நீதிமொழிகள் 30-இல் சிறியதாக இருந்தும் மகா ஞானமுள்ளவை நான்கு என்று எறும்பு, குழிமுசல் (முயல் போன்ற சிறு மிருகம்), வெட்டுக்கிளி, சிலந்தி வருகின்றன. பத்து நிமிடம் மைதானத்தைச் சுற்றிவந்து, "சின்னதாக இருந்தும் கெட்டிக்காரர்கள் நாலு பேர்" என்று ஆளுக்கொரு பட்டியல் போடச் சொல்லுங்கள். அவ்வளவுதான் பயிற்சி.

நான்காம் வகுப்பு: யோனாவும் ஒரு ஆமணக்கு இலையும்

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும், சுருக்க முயலாதீர்கள்.

முதல் வாரம், கதையைப் புத்தகம் இல்லாமல் உங்கள் வாயால் சொல்லுங்கள். யோனா நாலே அதிகாரம்: நினிவே நகரத்தை எச்சரிக்கக் கடவுள் அனுப்பியும் போகாமல் கப்பலேறித் தப்பி ஓடி, பெரிய மீனின் வயிற்றுக்குள் கிடந்தவனின் கதை. பெரும்பாலும் நாம் மீன் கக்கியதோடு, மிஞ்சினால் நினிவே மனந்திரும்பியதோடு நிறுத்திவிடுகிறோம். நான்காம் அதிகாரத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். நினிவே தப்பிவிட்டதே என்று யோனாவுக்குக் கோபம். ஊருக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்திருக்கிறான். தலைக்கு மேல் ஒரு செடி முளைத்து நிழல் கொடுக்கிறது. மறுநாள் ஒரு பூச்சி அரித்து அது காய்ந்துபோகிறது. யோனா செத்துப்போகலாம் என்கிறான்.

அந்தச் செடியைத் தமிழ் வேதாகமம் ஆமணக்கு என்று மொழிபெயர்த்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு. காம்பவுண்டு சுவரோரம், குப்பைமேடு, தரிசு என்று ஆமணக்கு எங்கும் நிற்கும். வரும் வழியில் ஓர் இலையை ஒடித்துக்கொண்டு வாருங்கள், புழு அரித்ததாகவே பார்த்து ஒடியுங்கள். விரித்த கைபோல இருக்கும் அந்த இலையைப் பிள்ளைகள் கைமாற்றிப் பார்க்கட்டும். காம்பை ஒட்டிச் செம்மை படர்ந்திருக்கும், நரம்பு புடைத்திருக்கும், கசக்கினால் பச்சை நெடி அடிக்கும். ஓட்டை வழியாக ஜன்னலைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். தலையில் பிடித்து நிழல் விழுகிறதா என்றும் பார்ப்பார்கள். கொட்டையை மட்டும் கொண்டுவராதீர்கள், ஆமணக்கு விதை விஷம், வாயில் போட்டுவிடும் பிள்ளைகள் உண்டு.

இரண்டாம் வாரம் எழுத்து. யோனா, மீன், கப்பற்காரர், ஆமணக்கு, பூச்சி, இவர்களில் யாராவது ஒருவராக மாறி "நான்" என்று தொடங்கி எழுத வேண்டும். மீன்தான் அதிகம் வரும். ஆமணக்கையோ பூச்சியையோ எடுக்கிற பிள்ளைகளைக் கவனியுங்கள். ஒரு பையன் எழுதியது எனக்கு மனப்பாடம்: "நான் சின்னப் புழு. எனக்குப் பசி. கடவுள் தின்னு என்றார். நான் தின்றேன். யோனா என் மேல் ஏன் கோபப்பட்டார்? எனக்குத் தெரியவில்லை." ஆறு வாக்கியம். பூச்சியைக் கட்டளையிட்டு அனுப்பியது கடவுள்தான் என்பதை அவன் காதில் வாங்கியிருக்கிறான். வகுப்பில் வாசித்தபோது யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண்பிள்ளை, "பாவம் டீச்சர் அந்தப் புழு" என்றது.

மூன்றாம் வாரம், புத்தகம் எப்படி முடிகிறது என்று வாசித்துக்காட்டுங்கள். அது கேள்வியில் முடிகிறது. இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமான மனிதரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ என்று கர்த்தர் கேட்கிறார். யோனாவின் பதில் இல்லை. அந்தப் பதிலைப் பிள்ளைகள் எழுதட்டும். ஒரு சொல் பதிலும் செல்லும், ஒரு பக்கப் பதிலும் செல்லும். "யோனா ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனான்" என்பதும் நல்ல பதில்தான்.

ஐந்தாம் வகுப்பு: உரையாடலும் கடிதமும்

ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்து இயேசு பெருங்கூட்டத்துக்குச் சாப்பாடு கொடுத்த கதை நான்கு சுவிசேஷத்திலும் இருக்கிறது. ஒரு பையனிடம் இருந்து அது வந்தது என்று யோவான் மட்டும் சொல்கிறார். பையனுக்குப் பெயரில்லை, அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. காலையில் யார் அதைக் கட்டிக்கொடுத்தார்கள், என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். டிபன் பாக்ஸோடு வருகிற பிள்ளைகளுக்கு இது சொந்த விஷயம். அவை வாற்கோதுமை அப்பங்கள் என்று யோவான் சொல்கிறார், வாற்கோதுமை என்றால் என்ன என்று கேட்பார்கள். மளிகைக் கடையில் பார்லி என்று விற்பதில் ஒரு கைப்பிடி கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அம்மாவும் மகனும் பேசுவதாக பத்து வரி. இங்கே பேச்சுத்தமிழ்தான் வேண்டும். "ஏல, மீன் ரெண்டு வச்சிருக்கேன், வழியில தின்னுடாத" என்று அம்மா பேசினால் அம்மாவாக இருப்பாள். பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டால் "அப்பொழுது அவள் அவனை நோக்கி" என்று எழுதுவார்கள். கோயிலில் வாசிக்கும் தமிழ் வேதாகமத்தின் நடை 19-ஆம் நூற்றாண்டில் உருவானது, பிள்ளைகளின் காதில் அது ஊறிக் கிடக்கிறது. அழகான நடைதான், கதை சொல்கிறவர் பேசும் இடத்தில் இருக்கட்டும். அம்மா பேசும்போது வீட்டு அம்மாவாகப் பேசட்டும். இரண்டு நடைக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பிள்ளைக்கு எழுத்தில் பாதி வந்தமாதிரி. இதன் தொடர்ச்சியாக, பையன் சாயங்காலம் வீட்டுக்குப் போய், பன்னிரண்டு கூடை மிஞ்சியது என்று சொன்னால் அம்மா நம்புவாளா என்று இன்னொரு பத்து வரி.

கடிதத்துக்குப் பவுல் பிலேமோனுக்கு எழுதியது வசதி. ஒரே அதிகாரம், 25 வசனம். முதலில் தன் பெயர், பிறகு யாருக்கு, பிறகு வாழ்த்து, நன்றி, அப்புறம்தான் விஷயம். நாம் பெயரைக் கடைசியில் போடுகிறோம், அவர் முதலில் போடுகிறார். அதே ஒழுங்கில் பிள்ளைகள் நிஜமான ஒருவருக்கு எழுதட்டும். ஊரில் இருக்கும் ஆச்சி, ஹாஸ்டலில் இருக்கும் அக்கா, மாற்றலாகிப் போன டீச்சர். எழுதியதைத் தபால் பெட்டியில் போடுங்கள். போடாமல் மதிப்பெண் மட்டும் கொடுத்தால் அது கடிதமாகாது. பதில் வருகிற நாளில் வகுப்பு என்ன ஆகிறது என்று நீங்களே பாருங்கள்.

ஜெபம் எழுதும்போது கவனம்

ஜெபம் எழுதச் சொல்வது நம் பள்ளிகளில் வழக்கம். அதில் பிள்ளைகள் வீட்டில் நடப்பதை எழுதிவிடுவார்கள். அப்பா குடிப்பது, அடி விழுவது, கடன்காரர் வருவது எல்லாம் வரும். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "இதை நான் மட்டும் படிப்பேன், சத்தமாக வாசிக்க மாட்டோம்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். சாட்சியாக அசெம்பிளியில் வாசிக்க வைப்பது கூடவே கூடாது. கட்டாயப்படுத்தவும் வேண்டாம், விரும்பாத பிள்ளை படம் வரையட்டும். ஒரு பிள்ளைக்கு அடியோ வேறு தீங்கோ நடக்கிறது என்று தெரிந்தால், அது நோட்டுக்குள் இருக்க வேண்டிய ரகசியம் இல்லை. தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள், 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். "உனக்கு உதவி செய்யத்தான் சொல்லப் போகிறேன்" என்று பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள்.

எழுதியதை என்ன செய்வது?

வாசித்துக்காட்ட வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் அதற்கென்றே. கை தூக்குகிறவர்கள் வாசிக்கட்டும். கேட்கிறவர்கள் "நல்லா இருக்கு" என்று சொல்லாமல், எந்த இடம் ஞாபகம் இருக்கிறது என்று சொல்லட்டும். போட்டி, முதல் பரிசு எதுவும் வேண்டாம். பரிசு வந்தால் மறுவாரமே அந்தக் கதைநீதி வரி திரும்பிவிடும்.

வருடக் கடைசியில் ஆளுக்கொரு கதையைத் தேர்ந்தெடுத்துத் தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதித் தரட்டும். எல்லாவற்றையும் அடுக்கி, கோணி ஊசியால் மூன்று ஓட்டை போட்டு, ட்வைன் நூலில் தைத்தால் வகுப்புப் புத்தகம் தயார். ஊரில் அறுப்பின் பண்டிகை நடந்தால் அதைக் காணிக்கையாக வைக்கலாம். பூசணிக்காய், வாழைத்தார், சேவலோடு சேர்த்து இதையும் ஏலம் விடுவார்கள். அதற்கு முன் முழுப் புத்தகத்தையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வகுப்பு அலமாரியில் வைத்துவிடுங்கள். நாங்கள் முதல் வருடம் எடுக்கவில்லை. ஏலத்தில் எடுத்த தாத்தா புத்தகத்தைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்விட்டார். புழுக் கதை எழுதிய பையன் அடுத்த இரண்டு வாரமும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.